பில்ட்டரில் இரும்புத் தூள்

செவ்வாய், இரவு.

சின்னுசாமி அண்ணனின் பழைய குட்டி விமானத்துக்குப் போன மாதம் புதிதாக ஆயில் பில்ட்டர் பொருத்தினேன். அதுவரை வெறும் கம்பி வலைதான் இருந்தது. இன்று பில்ட்டரை அறுத்துப் பார்த்தேன். காகித மடிப்பெல்லாம் இரும்புத் தூள். எஞ்சினுக்குள் ஏதோ தேய்கிறது.

"எஞ்சினைப் பிரிக்கணுங்ணா."

"இத்தன வருசம் பில்ட்டர் இல்லாமத்தான பறந்துச்சு? நாளைக்குப் பாப்பாவ ஏத்தி ஒரு சுத்து சுத்திட்டு வாரேன். அப்பறம் பிரிச்சுக்கலாம்."

அவர் பறக்க முடியாதபடி ஆயிலை வடித்துவிட்டேன். அவர் கோபமாக சங்ககிரிக்குக் கிளம்பிவிட்டார்.

சற்றுமுன் அவர் மகள் போன் செய்தாள். "அப்பா வேற மெக்கானிக்கக் கூட்டிட்டு வர்றாருங்க மாமா."

"நீ ஏறாத சாமி."

"நான் ஏறலைன்னா அவரு தனியாப் போயிருவாருங்களே."

விடியுமுன் போய் புரொப்பல்லரைக் கழற்றிவிடப் போகிறேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசமாட்டார்.