பெட்டிக்குள் அடித்த மணி

கடலூர் முதுநகர்
10.2.2025

மச்சான் தில்லைநாதனுக்கு,

சுப்பராயலு எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி. போனில் கூப்பிடலாம் என்றுதான் பெயர் சொல்லாமல் நம்பர் கேட்டேன். "அவருக்கு இடது காது சுத்தமா கேக்காது, வலதும் சுமார்தான், போன எடுக்கவே மாட்டாரு" என்று உங்கள் மியூசியத்தில் இருக்கிற இளமதி என்ற பெண் சொன்னாள். அதனால் கடுதாசி.

நலம் விசாரிக்க எழுதவில்லை. சனிக்கிழமை உங்கள் மியூசியத்தில் கண்ணாடி அலமாரியை உதைத்து உடைத்தது நான்தான். தடுக்க வந்த பெரியவரின் வாயில் முழங்கையால் இடித்ததும் நான்தான். வருத்தம் கிருத்தம் கிடையாது.

என் இரண்டாம் சம்சாரத்தின் பையன் அருண்குமார் பழைய முந்திரிக் கிடங்கைக் காலி செய்தான். மூலையில் கிடந்த என் போன் பெட்டியை, அண்ணாமலை நகரில் ரிட்டயர்டு டெலிபோன்காரர்கள் சேர்ந்து ஒரு மியூசியம் நடத்துகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அங்கே நீ இருப்பது அவனுக்குத் தெரியாது. என் சாமானை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்தேன், அவ்வளவுதான்.

மாடியில் இரண்டே அறை. நன்றாகத்தான் துடைத்து வைத்திருக்கிறீர்கள். ஸ்விட்ச்போர்டு, காயின் பாக்ஸ், கறுப்புப் போன்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேர் நின்றார்கள். இளமதி என் பெட்டிக்கு முன்னால் நின்று, "அந்தக் காலத்துல கடை ஆளுங்க போன் பண்ணிடக் கூடாதுன்னு மொதலாளிங்க போனையே மரப்பெட்டில வெச்சிப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிட்டுப் போயிடுவாங்க" என்று சொல்லி, இன்னொரு போனில் நம்பரைச் சுழற்றினாள். பூட்டிய பெட்டிக்குள் மணி அடித்தது. யாரும் எடுக்க முடியாது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் கீழே இருந்த அட்டையைப் படித்தேன்.

"14.10.1986. பிற்பகல் 2.10, 2.35, 3.20. மூன்று முறை மணி அடித்தது. எடுப்பாரில்லை."

உன் எழுத்து. அந்தத் தேதி எனக்கு மறக்குமா? உன் அக்கா அருள்மொழியும் அவள் வயிற்றில் இருந்ததும் போன நாள்.

பச்சைப் பொய் எழுதியிருக்கிறாய். அன்று சிதம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டியில் இருந்தவன் நீ. பிரசவத்துக்கு வந்த உன் அக்கா துடித்துக்கொண்டிருந்தபோது நீ எனக்குப் போன் போடவில்லை. போட்டிருந்தால், நான் பண்ருட்டியில் சரக்குப் பார்க்கப் போயிருந்தாலும், என் கார் கடை வாசலில் நின்றது, டிரைவர் இருந்தான். ஒரு மணி நேரத்தில் வந்து அவளைப் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருப்பான். கடையில் அன்று ஆறு பேர் இருந்தார்கள், பெட்டி பூட்டியிருந்தாலும் மணி கேட்டால் உடைத்தாவது எடுத்திருப்பார்கள். மணி அடித்தது என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அன்றைக்குச் செய்த தப்பை மறைக்க இன்று அட்டை எழுதுகிறாய்.

எட்டு நாள். அட்டையை எடு. எடுக்காவிட்டால் கடப்பாரையோடு வருவேன். மூட்டை தூக்கி முன்னுக்கு வந்த கை இது. எழுபதானாலும் அடி அப்படியேதான் விழும்.

சுப்பராயலு


சிதம்பரம்
15.2.2025

திரு. சுப்பராயலு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் பழைய சூப்பர்வைசருக்கு இரண்டு பல் போயிற்று. போலீசுக்குப் போக வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். உங்களுக்காக இல்லை. என் அக்காவின் பெயர் ஒரு எஃப்.ஐ.ஆரில் வரக் கூடாது என்பதற்காக.

மூன்று டிரங்க் கால் சீட்டுகளின் ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன். அன்று நான் உங்கள் கடைக்கு மூன்று முறை போட்டேன். கடலூர் ஆபரேட்டர் மூன்று முறையும் "பெல் போவுது சார், எடுக்க மாட்டேங்குறாங்க" என்றார். நேரம் சீட்டில் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் மாற்றி எழுதியவன் இல்லை.

ஊரில் அன்று மழை. ஒரு வாடகைக் கார் கிடைக்கவில்லை. நாலரைக்கு ஒரு பால் வேனில் ஏற்றினோம். உங்கள் கடைச் சாலையைத் தாண்டும்போது அவள் தலை என் மடியில் இருந்தது. கடலூர்ப் பாலம் தாண்டும்போது தலை கனத்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் நீங்கள் எக்ஸ்சேஞ்சுக்குள் வந்ததை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "எங்கடா போன் போட்ட, தேவடியா மவனே" என்று என் ஹெட்செட் ஒயரை என் கழுத்திலேயே சுற்றி இறுக்கினீர்கள். நெற்றியை ஸ்விட்ச்போர்டில் மோதினீர்கள், ஐந்து முறை. பித்தளைப் பிளக்குகள் புருவத்தில் குத்தின. பிறகு மேசையிலிருந்த கறுப்பு ரிசீவரை எடுத்து இடது காதில் அடித்தீர்கள். உடைவது வெளியே கேட்கவில்லை, உள்ளே கேட்டது. அந்தக் காதில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். ஆபரேட்டர் வேலை போய், ரெக்கார்டு ரூமில் முப்பத்திரண்டு வருஷம் காகிதம் கட்டினேன்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த தை மாதம் ஒரு கொடுவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு உங்கள் கடைக்கு எதிரில் இரண்டு நாள் நின்றேன். பிடரியில் எந்த இடம் என்றுகூட முடிவு செய்திருந்தேன். ஏனென்றால் நீங்கள் கடையில் உட்கார்ந்துகொண்டே போனை எடுக்கவில்லை என்று நினைத்தேன். ஏழாம் மாதம் அவள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் கன்னத்தில் உங்கள் ஐந்து விரலும் இருந்தன. அடித்தவன் போனையும் எடுக்காமல் விடுவான் என்று நம்பினேன். இரண்டாம் நாள் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

போன மாதம் உங்கள் மகன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். பூட்டு தொங்கியது, சாவி இல்லை. பெட்டிக்கு உள்ளே போன். பெட்டியின் பக்கவாட்டில் உங்கள் பெயர். பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எடுக்காமல் விடவில்லை. எடுக்க யாராலும் முடியவில்லை.

அட்டை இருக்கும்.

தில்லைநாதன்


கடலூர் முதுநகர்
24.2.2025

மச்சான்,

சீட்டைப் பார்த்தேன். நம்பவில்லை. காகிதம் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதனால் விருத்தாம்பாளைத் தேடிப் போனேன். அந்தக் காலத்தில் என் கடையில் முந்திரி உடைத்தவள். இப்போது புதுச்சத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். எண்பதைத் தொட்டுவிட்டாள், வாய் மட்டும் குறையவில்லை.

"அன்னிக்கு மணி அடிச்சிதா?" என்று கேட்டேன்.

"அடிச்சிது மொதலாளி. மூணு வாட்டி. நாங்க ஆறு பேரும் பெட்டியச் சுத்தி நின்னோம். நம்ம கதிர்வேலு கடப்பாரைய எடுத்துட்டான், ஒடச்சிடறேன்னு. நான்தான் அவன் கையப் புடிச்சேன். வேணான்டா, இன்னும் எட்டு வெரல்தான் இருக்குது, அதையாவது வெச்சிக்கோன்னேன்."

உனக்குப் புரியாது. நான் சொல்கிறேன். அதற்கு முந்தின மாதம் என் கடை ஆள் கதிர்வேல் பூட்டை நெம்பித் திறந்து, பரங்கிப்பேட்டையில் காய்ச்சலில் கிடந்த அவன் அம்மாவை விசாரிக்கப் போன் போட்டான். நான் கையும் களவுமாகப் பிடித்தேன். அவன் வலது கை இரண்டு விரலைப் பெட்டியின் விளிம்பில் வைத்து, மூடியைச் சாத்தி, மேலே முழங்காலைப் போட்டு அழுத்தினேன். கொட்டை உடைவது போல ஒரு சத்தம். கடை மொத்தமும் பார்க்க வேண்டும் என்றுதான் செய்தேன். பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒருத்தன் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. நல்ல நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். கை ஓங்கிவிட்டேன், எண்பது வயசுக் கிழவியை.

அவள் நகரவே இல்லை. "அடி. அடிப்பேன்னுதான் சொல்லல. சாயங்காலம் மொதலாளியம்மா போன சேதி வந்ததுமே அது எந்த மணின்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி. கதிர்வேலுக்குக்கூட நான் சொல்லல. அவன் மறுநாளே வேலைய விட்டு ஓடிட்டான்" என்றாள்.

கையை இறக்கிவிட்டேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன்.

எனக்கு அழத் தெரியாது, மன்னிப்புக் கேட்கும் பாஷையும் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் குறி. வருகிறேன். அதே கறுப்பு ரிசீவர் உங்கள் மியூசியத்தில் இருக்கும். இடது காதில் அடி. தடுக்க மாட்டேன். ஆள் வைத்து அடிக்காதே, நீயே அடி.

சுப்பராயலு


சிதம்பரம்
1.3.2025

திரு. சுப்பராயலு அவர்களுக்கு,

வராதீர்கள். கை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த ரிசீவரைக் கையில் எடுத்து எடை பார்த்தேன். ஒன்றோடு நிறுத்த மாட்டேன் என்று தெரிந்தது. திரும்ப வைத்துவிட்டேன். இங்கே பிள்ளைகள் வருகிறார்கள்.

மேலும், அடி வாங்க நீங்கள் முதலில் வர வேண்டிய இடம் இது இல்லை. கதிர்வேலின் விரலை மூடியில் வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டி உடைந்திருக்கும். என் அக்கா இருந்திருப்பாள். அவன் பையன் பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறான், கதிர்வேலும் அங்கே படகுத்துறையில்தான் இருக்கிறான் என்று இளமதி விசாரித்துச் சொன்னாள். தைரியம் இருந்தால் அங்கே போங்கள்.

தில்லைநாதன்


கடலூர் முதுநகர்
12.3.2025

மச்சான்,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணும்.

பிச்சாவரம் போனேன். துறையில் துடுப்போடு நின்றவனின் வலது கையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. இரண்டு விரலும் வளைந்து உள்ளங்கையோடு ஒட்டிப் போயிருக்கின்றன. மற்ற விரல்களால்தான் துடுப்பு பிடிக்கிறான். அவனும் என்னைக் கண்டுகொண்டான். "ஏறுங்க மொதலாளி" என்று மட்டும் சொன்னான். ஏறினேன். சுரபுன்னைக் காட்டுக்குள் வாய்க்கால் குறுகி, வேறு படகு வராத இடத்தில் நிறுத்தினான். தள்ளிவிடத்தான் போகிறான் என்று நினைத்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

"ஒண்ணு கேக்கணும் மொதலாளி. அன்னிக்கு பெட்டிக்குள்ள மணி அடிச்சிதே, அது யாரு? சாயங்காலமே மொதலாளியம்மா தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. அது ஆஸ்பத்திரிலேருந்தா? கடப்பாரை என் கையிலதான் இருந்துது. முப்பத்தெட்டு வருசமா தூக்கத்துல அந்தப் பெட்டிய ஒடச்சிக்கினு இருக்கேன்."

மச்சான், நான் யாரிடமும் உள்ளதை மறைத்ததில்லை. சொத்தைச் சரக்கைச் சொத்தை என்றே சொல்லி விற்றவன். ஆனால் அவன் கண்ணைப் பார்த்ததும் வாய் தானாக வேறு சொல்லிவிட்டது.

"இல்லடா. தூத்துக்குடி பார்ட்டி. சரக்கு கேட்டு அடிச்சிருக்கான். மறுநாளே எங்கிட்ட சொன்னான்."

பெரிய மூச்சாக விட்டான். அப்புறம், "அப்ப வெரலு மட்டும்தான்" என்று எழுந்து, துடுப்பால் என் தோளில் ஒன்று, விலாவில் ஒன்று. "இது ஒரு வெரலுக்கு. இது இன்னொண்ணுக்கு." படகு ஆடிற்று. நான் விழாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் அவன்தான். விலாவில் இரண்டு எலும்பு விட்டுப்போச்சு. துறையில் இறக்கிவிடும்போது, "பாசி ஜாஸ்தி, பாத்து எறங்குங்க" என்றான்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். அவன் பேத்தி அண்ணாமலை நகரில் ஏழாவது படிக்கிறாளாம். அடுத்த மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்கள் மியூசியத்துக்கு வருகிறார்கள் என்று அருண்குமார் விசாரித்துச் சொன்னான். அட்டையில் தேதி இருக்கிறது, மூன்று முறை மணி அடித்ததும் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னால், அது சிதம்பரத்திலிருந்து வந்த மணி என்று தெரிந்து கதிர்வேல் இன்னொரு முறை கடப்பாரையைத் தூக்குவான், இந்த முறை தன்மேல். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. ஊர் பெயர் போட்டு எழுது. உன் காதை எழுது. அந்த மணியை மட்டும் எடுத்துவிடு.

அடுத்த வார்த்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நிறுத்துகிறேன்.

சுப்பராயலு


சிதம்பரம்
19.3.2025

மாமாவுக்கு,

அட்டையை மாற்றிவிட்டேன். புது அட்டை இப்படி:

"பூட்டிய தொலைபேசிப் பெட்டி. கடலூர் முதுநகர், முந்திரி வியாபாரி சுப்பராயலுவுடையது. அனுமதியின்றி இதைத் திறந்த வேலையாளின் இரு விரல்களை அவர் இதன் மூடியில் வைத்து நசுக்கினார்."

தேதி இல்லை, மணி இல்லை. பிள்ளைகளுக்கு மணி அடித்துக் காட்டுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இளமதிக்குக் கோபம். "அதுக்குத்தான் சார் சிரிக்கிறாங்க" என்றாள். காரணம் சொல்லவில்லை. சீட்டுகள் மூன்றையும் அலமாரியிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டேன். இலாகாவில் இருந்த காலத்தில் ஒரு குறிப்பையும் மறைக்காதவன், ரிட்டயர் ஆனபின் மறைத்தேன்.

நீங்கள் கதிர்வேலிடம் சொன்ன பொய்யை மூன்று முறை படித்தேன். அக்காவை அடித்தவர் நீங்கள். என் காதை உடைத்தவர் நீங்கள். அந்தப் பொய்யைச் சொன்னவரும் நீங்கள்தான். அடித்தவரையும் அந்தப் பொய்யைச் சொன்னவரையும் ஒரே ஆளாக நினைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் முதுநகர் வருகிறேன். அடிக்க வருகிறேனா என்று கேட்காதீர்கள். உங்கள் எதிரில் வந்து நிற்கும்வரை எனக்கே தெரியாது. கட்டு எந்தப் பக்க விலாவில் போட்டிருக்கிறது என்று மட்டும் முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

தில்லைநாதன்