செங்கல் வாடகை

சித்தூர், 12-8-1974, திங்கள்

எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜரும் ஒரு மனிதரா! தொடை எலும்பு முறிந்து வந்த புத்தலப்பட்டுக்காரரின் காலை இழுத்துக் கட்டத் தொங்கவிடும் எடை எங்களிடம் இல்லை. அவர் மனைவிதான் வீட்டிலிருந்து செங்கல் கொண்டுவந்தாள். இன்று வீட்டுக்கு அனுப்பும்போது, "டிராக்‌ஷன் கருவி வாடகை" என்று ஒரு வரியைப் பில்லில் சேர்க்கும்படி, பில் எழுதும் என்னிடம் மேனேஜர் சொன்னார்.

"எங்க ஊட்டு கல்லுக்கு நாங்களே வாடகை கட்டணுமா சார்?" என்று கேட்டாள்.

"கட்டில்ல தொங்கினா அது கல்லு இல்லம்மா, எக்விப்மென்ட்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அவள் பணத்தைக் கட்டினாள். செங்கலைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டியிருந்த கயிற்றை மட்டும் அவர் மேஜைமேல் எறிந்தாள்.

"இது உங்களுது. நீங்களே வெச்சுக்கினு இருங்க."

வெட்கங்கெட்டவர், அதன் முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்து, சுருட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.