பூஜ்யத்துக்கு ஐந்து மார்க்

பிப்ரவரி 3

ஈக்வேஷன்ஸ் வகுப்பில் இன்றும் சமையல் குறிப்புதான். இந்த மாதிரி வந்தால் பிரி, அந்த மாதிரி வந்தால் இதால் பெருக்கு. எதற்குப் பெருக்கணும் என்று கேட்டேன். "பெருக்கினா விடை வந்துடும்மா" என்றார் ஈக்வேஷன் சார். வகுப்பே தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கணிதப் படிப்பிலேயே எனக்குப் பிடித்தது ரியல் அனாலிசிஸ், பிடிக்காதது ஈக்வேஷன்ஸ். இதைச் சொல்வதில் எனக்கு ஒளிவுமறைவே இல்லை. ரியல் அனாலிசிஸில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகக்கூட அனுமதி வாங்க வேண்டும். முதல் மாதம் அழுதேன். அப்புறம் அந்தக் கறார்தான் பிடித்துப்போனது. யார் சொன்னாலும், எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும், காரணம் இல்லாவிட்டால் செல்லாது. வெளியே எங்கே இருக்கிறது அப்படி ஒரு நியாயம்?

அடுத்த பருவம் டோபாலஜி, வடிவங்களைப் பற்றிய கணிதம். சேர்ந்த நாளிலிருந்து அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 26

ஈக்வேஷன்ஸ் தேர்வு முடிந்தது. அப்பாடா.

ஒரு கணக்கில் மட்டும் வம்பு பண்ணிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு அளவு, பெயர் y. நேரம் x ஓட ஓட அது வளரும் வேகம் 2√y. தொடக்கத்தில் அது பூஜ்யம். y என்ன? சார் சொல்லிக்கொடுத்த வழியில் முதல் வேலையே √y-ஆல் வகுப்பது. பேனாவை வைத்தேன், கை நின்றுவிட்டது. தொடக்கத்தில் y பூஜ்யம் என்று நீங்களே சொல்லிவிட்டு, அதனாலேயே வகுக்கச் சொன்னால் எப்படி? பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று ரியல் அனாலிசிஸ் என் காதைத் திருகிச் சொல்லியிருக்கிறது. அதனால் y = 0 என்று எழுதினேன். இல்லாதது வளராது, வேகமும் பூஜ்யம். சரிபார்த்து ஒரே வரியில் முடித்தேன்.

மார்ச் 12

ஃபெயில்.

அந்தக் கணக்குக்கு ஐந்து மார்க். எனக்குப் பூஜ்யம். அந்த ஐந்து வந்திருந்தால் தேறியிருப்பேன். தேறாதவர்கள் அடுத்த பருவம் ஈக்வேஷன்ஸை மறுபடி படிக்கணுமாம். அந்த வகுப்பும் டோபாலஜியும் ஒரே நேரம்.

அதாவது எனக்குப் பிடித்ததைப் பிடுங்கிக்கொண்டு பிடிக்காததையே திரும்பத் திணிக்கிறார்கள். விடுவேனா?

மார்ச் 13

சாரிடம் போனேன். விடை x² என்றார், விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறதாம். என் விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள் என்றேன். பார்க்கவில்லை. வழிமுறை தெரியாமல் கிண்டல் பண்ணியிருக்கிறேனாம்.

கிண்டல்! தேர்வு அறையில் வியர்த்துக்கொண்டு யாராவது கிண்டல் பண்ணுவார்களா?

மார்ச் 15

துறைத் தலைவரிடம் மறுமதிப்பீடு கேட்டேன். மேடம் நல்லவர்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "உன் விடை சரின்னா மத்தவங்க எழுதினது தப்பா? அப்போ அத்தனை பேர் மார்க்கையும் குறைக்கணுமே, சம்மதமா?"

தப்புதான் மேடம், பூஜ்யத்தால் வகுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே தூக்கத்தின் முகம் வந்தது. தூக்கம் என்பது என் அறைத்தோழிக்கு நான் வைத்த பெயர். எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் கண்ணயர்ந்துவிடுவாள். அந்த ஐந்தை வைத்துத்தான் அவள் மயிரிழையில் தேறியிருக்கிறாள்.

அறைக்கு வருவதற்குள் அவளுக்குச் செய்தி வந்துவிட்டது. கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"உன் விடையை அவர் போட்டுப் பாக்கலைன்னு இவ்வளவு ஆடுறியே. என் விடையை நீ போட்டுப் பாத்தியா?"

அவள் மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

மார்ச் 16

அப்பா போன் பண்ணினார். முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். பின்னாடி ஒருத்தன் விடாமல் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விடணும், நாம் போகிற இடத்துக்கு நாம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றார். இங்கே ஹாரன் அடிக்கிறதே நான்தான் என்றேன். அப்படின்னா விடாம அடி என்று போனை வைத்துவிட்டார்.

மார்ச் 17

போட்டுப் பார்த்தேன். தூக்கத்தின் x²-ஐ.

சரியாக வருகிறது. சனியன்.

தொடக்கத்தில் பூஜ்யம், சரி. வேகம் 2x, சரி. √y என்பது x, அதன் இரண்டு மடங்கும் 2x. எங்கே உடைக்கலாம் என்று காலையெல்லாம் முட்டினேன், உடையவில்லை. போன வழி தப்பு, போய்ச் சேர்ந்த இடம் சரி. அப்படியானால் என் விடை? அதுவும் சரிதான். ஒரு கேள்விக்கு இரண்டு விடையா?

சாப்பிடப் போகவில்லை. மத்தியானம் பிடிபட்டது. இரண்டு இல்லை! பூஜ்யத்தில் கிடப்பது இஷ்டப்பட்ட வரைக்கும் கிடக்கலாம். அப்புறம் எழுந்து வளர ஆரம்பிக்கலாம். எப்போது எழுந்தாலும் சமன்பாடு ஒன்றும் சொல்லாது. எழாமலே கிடந்தாலும் சொல்லாது. விடைகளுக்கு முடிவே இல்லை. கேள்விதான் ஒரே ஒரு விடை இருக்கிற மாதிரி கேட்டிருக்கிறது. அவர்களும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள், நானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு கறார் பேசுகிற நான் அன்றைக்கே தேடியிருக்க வேண்டாமா?

விடையைப் படமாக வரைந்து தூக்கத்திடம் காட்டினேன். தரையோடு தரையாகக் கிடந்து, தோன்றும்போது எழுகிற கோடு. இது நீதான் என்றேன். சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை.

மார்ச் 19

மேடம் அறை. சாரும் இருந்தார். பலகையில் விடைகளை வரிசையாக வரைந்தேன். முதல் கோடு கோணலாக வந்தது. மற்றவர்கள் தப்பு என்று நான் சொன்னது தப்பு, யார் மார்க்கையும் குறைக்க வேண்டாம் என்றேன். சொல்லக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் என் மார்க் என் மார்க்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

சார் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், இந்த முறை உண்மையாகவே. கை முழுக்கச் சாக்கட்டித் தூள்.

"இத்தனை வருஷமா இந்தக் கணக்கைக் கேட்டுட்டு இருக்கேன்" என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து என் தாளில் ஐந்து போட்டார்.

நன்றி சொன்னேனா? ஞாபகம் இல்லை.

மார்ச் 20

தூக்கம் நாள் முழுக்கத் தூங்கினாள். நானும்.

ஜூன் 11

டோபாலஜி முதல் வகுப்பு. துறைத் தலைவர் மேடம்தான் எடுக்கிறார். அவர் எழுதிய முதல் வரையறையிலேயே மூன்று தடவை விழுந்து எழுந்தேன். சுகமாக இருந்தது.

பக்கத்து அறையில் ஜூனியர்களுக்கு ஈக்வேஷன்ஸ். நடுவில் இருப்பது மெல்லிய மரத் தடுப்புச் சுவர், எல்லாம் கேட்கிறது. சார் ஒரு கணக்கைச் சொன்னார். தொடக்கத்தில் பூஜ்யம், வேகம் 2√y. ஜன்னல் பக்கம் பார்க்கிற மாதிரி காதைச் சுவரில் வைத்தேன்.

அப்புறம் ஒரு பெண் குரல், பயந்து பயந்து, பூஜ்யமாகவே இருக்கும் சார் என்றது.

"ஏன்?" என்று கேட்டார் சார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

ஈக்வேஷன்ஸ் எனக்கு இன்னும் பிடிக்காது. அதில் மாற்றமே இல்லை. நாளைக்கும் சீக்கிரம் போய்ச் சுவரோர இடத்தைப் பிடிக்கணும்.