நீ சேர்க்கச் சொன்ன அந்த வரி

செத்த பிறகும் என்னை அதட்டுகிற என் அக்காவுக்கு,

நேற்று உன் புராஜெக்ட் சார் செங்கல்பட்டிலிருந்து வீட்டுக்கு வந்தார். கல்லூரி விழாவில் உன் படத்தை வைத்து, உன் வேலையைப் பற்றிப் பேசப் போகிறார்களாம். உன் ஜூனியர் பெண் ஒருத்தி அதை மேலே கொண்டுபோகிறாளாம். அம்மா அழுதுகொண்டே டீ போட்டாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்?

உன் கிட்னி கெட்டதும் என் பள்ளிக்கூடம் நின்றது. நீ படுத்தபடி சொல்லச் சொல்ல, லேப்டாப்பில் அடித்தது நான். மீன்களை அடையாளம் சொல்லக் கணினிக்குக் கற்றுத்தர, புதுப்பட்டினம் மார்க்கெட்டில் படம் எடுத்ததும் நான். "இன்னா பாப்பா, இத்தினி போட்டோ? சங்கரா மீனுக்கு மாப்ள பாக்கறியா?" என்று மீன்காரம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை.

எல்லோரும் செய்கிற முறையில், கணினி தவறாகச் சொன்னால் அந்தத் தப்பை வந்த வழியே திருப்பி அனுப்பி, உள்ளே ஒவ்வொரு இணைப்பையும் திருத்துவார்கள். மூளையில் அப்படித் திரும்பும் வழி இல்லை என்பாய். உன் முறையில் கணினிக்குள் நரம்பு மாதிரி செய்த ஒவ்வொன்றும் பக்கத்து நரம்பைப் பார்த்துத் தானே திருந்த வேண்டும். ஆனால் என் தப்பு ஒன்றையாவது நீ திருப்பி அனுப்பாமல் விட்டாயா? ஓர் எழுத்து விட்டால், விருந்தாளி முன்னாலேயே "பத்தாவது தாண்டாத மண்டைக்கு இன்னா தெரியும்" என்பாய்.

உன் முறை பத்துப் படத்தில் நாலைத்தான் சரியாகச் சொன்னது. "எல்லாரும் செய்யற அந்தப் பழைய முறைக்கான வரிய புரோகிராமுக்குள்ள சேருடி. சார்கிட்ட வாயத் தொறந்த, செத்தாலும் வுட மாட்டேன்" என்றாய். சேர்த்தேன். ஒன்பது வந்தது. உன் முறைக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதி அனுப்பினாய்.

அந்த ஒன்பதை எட்ட முடியாமல் அந்தப் பெண் ஒரு வருஷம் முட்டி மோதுவாள். தன்னைத்தான் முட்டாள் என்று நினைப்பாள். அந்த நினைப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று சார் முன்னால் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தேன்.

"நீயே கண்டுபுடிச்சியாம்மா?" என்றார் சார்.

"நான்தான் சார் அடிச்சேன். அக்கா சொல்லிச்சு."

சார் டீயைக் குடிக்காமல் எழுந்தார். விழாவில் இனி உன் படம் இருக்காது. "செத்தவள இன்னொரு தபா கொன்னுட்டியேடி" என்றாள் அம்மா. அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. விட மாட்டேன் என்றாயே, எங்கே, வா பார்க்கலாம்.

ஒன்று மட்டும் சத்தியம். அந்தப் பெண் வந்து கேட்டால் ஒன்பது பொய் என்பேன். நாலு நிஜம், யாரும் தப்பைத் திருப்பிச் சொல்லாமலே கற்றுக்கொண்ட நாலு, அது எங்கள் அக்காவுடையது என்றும் சொல்வேன்.

இப்படிக்கு,
நீ திட்டித் தீர்க்காமல் விட்டுப்போன உன் தங்கை