கிணற்றுக்கு வர வேண்டிய உமி

என் அருமை அண்ணிக்கு,

நம் வீட்டுக் கிணற்றை மூடச் சொல்லி அண்ணன் கொத்தனாரிடம் பேசிவிட்டார். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கர்த்தரிடம் போன பிறகும் இந்த வீட்டில் உங்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

வலங்கைமானிலிருந்து தஞ்சாவூர் மேலவீதிக்கு வாழ வந்த நீங்கள்தான் எங்கள் ஊரை எங்களுக்கே காட்டினீர்கள். பெரிய கோயில் விமானத்தின் வடக்குப் பக்கம், தொப்பி வைத்த வெள்ளைக்காரர் போல ஓர் உருவம் இருப்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது. ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே அங்கே இழுத்துப் போய்க் கழுத்து வலிக்கப் பார்க்க வைத்தீர்கள். கண்நோய்க்காரர்களுக்குச் சிகிச்சை செய்து, அந்தக் கண்களைப் படமாக வரையச் சொன்ன மராட்டிய ராஜாவின் கதையைச் சாப்பாட்டு நேரத்தில்தான் சொல்வீர்கள்.

"அண்ணி, கண்ணு கதைய அப்புறம் சொல்லுங்க, மீனு உள்ள எறங்க மாட்டேங்குது" என்பேன். சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு வைப்பீர்கள்.

ஆனால் உங்கள் உயிரெல்லாம் தண்ணீர்க் கதையில்தான். அந்தக் காலத்தில் சிவகங்கைக் குளத்துத் தண்ணீர் தெருவுக்கு அடியிலேயே சுடுமண் குழாய்களில் ஓடி, ஊர்க் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் போனது என்ற கதை. நம் கிணறும் அதில் ஒன்று என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் ஊரில் மதகுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, இந்தப் பக்கம் ஒரு கை உமியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் காத்திருப்பார்களாம். அதையே இங்கேயும் செய்தீர்கள். குளத்தில் உமியைத் தூவிவிட்டு வந்து, நம் கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள்.

"என்னங்க, உமி வருதான்னு பாத்துக்கங்க. ஒலைய வச்சிட்டு வந்துடுறேன்."

"எனக்கு வேற வேல இல்லையா? கொழாயெல்லாம் எப்பவோ மண்ணாப் போயிருக்கும்" என்பார் அண்ணன்.

ஆற்றில் தண்ணீர் வந்ததும் வருஷா வருஷம் இதே கூத்து. உமி வந்ததே இல்லை. நீங்கள் முகம் வாடியதும் இல்லை. அது இப்போது எந்த வீட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதே உங்களுக்குப் போதுமாக இருந்ததா?

இப்போது கேளுங்கள். இங்கே பக்கத்தில் ஒரு குளத்தைத் தூர்வாரியபோது பழைய நிலத்தடி நீர்வழி வெளியே தெரிந்தது. நீங்கள் சொன்னது நிஜம், அண்ணி. அன்றிலிருந்து தெருவில் நடக்கும்போது எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றுகிறது. மேலே பைக்குகள், பழவண்டி, செல்போன் கடை. கீழே யாரையும் எழுப்பாமல் தண்ணீர் போவதாக நினைத்துக்கொண்டே, வாங்க வேண்டியதை மறந்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

செய்தி வந்த பேப்பரை அண்ணனிடம் கொடுத்தேன். படித்தார், மடித்து வைத்தார். மறுநாள் கொத்தனாருக்குப் போன் செய்தார்.

"ஏண்ணே?"

"கார் நிறுத்த எடம் வேணும்."

நம்மிடம் கார் ஏது? பிறகு அவரே சொன்னார். "அந்தப் பக்கம் போனா அவ முக்காலில உக்காந்துருக்க மாதிரியே இருக்கு எஸ்தரு. என்னால முடியல."

கிணறும் போனால் நீங்கள் இன்னொரு முறை போய்விடுவீர்கள் என்று சொல்ல நினைத்தேன்.

இன்று காலை கொத்தனார் வருவதாக இருந்தது. விடிந்ததிலிருந்து அண்ணனைக் காணோம். வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். சட்டையெல்லாம் உமி. ரைஸ்மில்லுக்குப் போய்விட்டு அப்படியே குளத்துக்கும் போயிருக்கிறார். நேரே கொல்லைக்குப் போனார், உங்கள் முக்காலியைத் துடைத்துப் போட்டார், உட்கார்ந்தார்.

கொத்தனார் வாசலில் நின்று கூப்பிட்டார். அண்ணன் கிணற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"கெணத்த மூட வேணாம்ப்பா. ஒண்ணு வர வேண்டியிருக்கு."

இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறார். மத்தியானம் அவர் சாப்பிட எழுந்தால் அந்த முக்காலியில் நான் உட்கார்ந்துகொள்வேன். நீங்கள் போட்டதோ அவர் போட்டதோ, எந்த உமி வந்தாலும் பார்க்க ஆள் இருக்கும், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
எஸ்தர்