இரண்டு கார்புரேட்டரும் ஒரு சாக்கும்

12-5-88
காலை ஜெபம் முடிந்ததுமே எங்க வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டாக. "பூமிநாதன் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரு ஓடலைன்னா வித்துப்போட்டு சீனிச்சாமியோட பம்பாய்க்குப் போறேன்." சீனிச்சாமி இவுக சிநேகிதர். அங்கே வேலை வாங்கித் தருவாராம். கல்யாண வாடகைக்கென்று வாங்கிய பழைய வெளிநாட்டுக் கார், மேடு கண்டாலே திணறுது. போனால் எப்போ திரும்புவாக?

13-5
காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டும் ஒண்ணாகத் திறக்கணும். எங்களதில் முன்னது திறந்த பிறகுதான் பின்னது அசைகிறது! இரண்டையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்தினோம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி இரையும்வரை திருகி, கம்பியை முடுக்கினோம்.
மெக்கானிக் இருளாண்டி எட்டிப் பார்த்தார். "என்னக்கா, காருக்கு நெஞ்சுவலியா?"
"இது ஓடுனா ஒமக்குத்தான் வரும், பாரும்" என்றேன்.
பானெட்டுக்குள் ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தேன். இரண்டும் முழுசாகத் திறந்தன. ஸ்தோத்திரம்.
குழாய், திருகாணி — கணக்கில் எழுதியாச்சு.

14-5
மத்தியானம் திருச்சுழி ரோட்டில், கண்மாய்க்கரை மேட்டில் மறுபடி திணறல். மாதாவே, எங்கே தப்பு? வீட்டில் நல்லாத்தானே உறுமுச்சு?

15-5 ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் பானெட்டைத் திறந்து நின்றுகொண்டு, "ஏறி உக்காந்து அடியோட மிதிங்க" என்றேன். மிதித்தாக. கம்பி பாதியிலேயே நின்றுவிட்டது. என் கைக்குத் திறந்தது இவுக காலுக்கு ஏன் திறக்கலை?
கதவுப் பக்கம் வந்து இவுக காலடியில் குனிந்து பார்த்தால் — சாக்கு!
டேஷ்போர்டில் மாதா படம் இருப்பதால் இவுக காருக்குள் செருப்பு போடுவதில்லை. வெயிலில் தகரம் காலைச் சுடுகிறதென்று சாக்கை நாலாக மடித்து ஆக்சிலேட்டருக்கு அடியில் போட்டிருக்காக.
"செருப்பு போட்டே ஓட்டுங்க. மாதா கோவிக்க மாட்டாக."
"ஒங்கிட்ட வந்து சொன்னாகளாக்கும்?"
"சொன்னாக."
நேரே கண்மாய்க்கரைக்குப் போனோம். ஏறிருச்சு! திணறாம, முக்காம ஏறிருச்சு! மேலே நிறுத்தி ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின.

20-5
பூமிநாதன் வீட்டுக் கல்யாணத்தில் பொண்ணு மாப்பிள்ளையோடு கார் நரிக்குடிக்குப் போய் வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. பந்தலிலேயே இன்னொரு கல்யாணத்துக்கும் காரைச் சொல்லிவிட்டார்களாம்.

3-6
சீனிச்சாமி அண்ணன் இன்று பம்பாய் கிளம்பினார். எங்கள் காரில்தான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். பஸ்ஸு மறைந்ததும் இவுக கேட்டாக: "வீட்டுக்கா, இல்ல எம்.ரெட்டியபட்டி வரைக்கும் ஒரு சுத்து போவமா?"
சுத்திட்டுத்தான் வந்தோம்.