பலூன் பாயா, இரட்டைப் பாயா

மக்கா,

படகின் பலூன் பாயை மொட்டைமாடியில் உலர்த்தப் போட்டிருக்கிறேன். பையைத் திறந்ததும் உப்பும் பூஞ்சணமும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

நாம் இத்தனை வருடம் ஓட்டிக்கொடுத்த, கொச்சியில் நிற்கும் தன் படகை இந்த வருட வாடைக்காற்றிலும் சீஷெல்ஸ் வரை கொண்டுபோக முடியுமா என்று வெள்ளைக்காரர் கேட்டிருக்கிறார். எந்தப் பாய், கூட யார் என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மூன்று நாளாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட யார் என்பதற்கு உன் பெயரைத் தவிர எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

எந்தப் பாய் என்பதற்கு நாம் எத்தனை வருடம் சண்டை போட்டிருப்போம்! காற்று நேர் பின்னால் இருந்தால் எனக்குப் பலூன் பாய்தான். அது வயிறு உப்பிப் படகை இழுக்கிற வேகமே தனி. உனக்கோ இடமும் வலமுமாகக் கம்பு கொடுத்து விரிக்கிற இரட்டைப் பாய். வேகம் குறைந்தாலும் படகு உருளாது, காற்று ஏறினால் கயிற்றை இழுத்துச் சுருட்டிவிடலாம் என்பாய். கிழவன் பாய் என்று நான் கேலி செய்வேன்.

மாலத்தீவுக்குத் தெற்கே ஒரு மத்தியானம் மழைக்காற்று திடீரென்று அடித்து, என் பலூன் பாய் பாய்மரத்தின் முன்கம்பியில் சுற்றிக்கொண்டது. இரண்டு பேரும் தொங்கி இறக்க ஒரு மணி நேரமாயிற்று. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. நீ திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாய்:

"லே, ஒருத்தன் மட்டும் நிண்ணிருந்தா?"

அதுதான் இரண்டு பேர் இருக்கிறோமே என்றேன்.

கடைசிப் பயணத்துக்கு முன், பாய்மரத்தில் கம்பு மாட்டுகிற வளையத்தைக் கழற்றினாய். அது உன் உயரத்துக்குப் பொருத்தியது. எனக்கு எட்டாது என்பதால் கம்பு மாட்டுவது எப்போதும் உன் வேலை. என்னை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, "கையத் தூக்குல மக்கா" என்றாய். விரல் தொட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, வளையத்தை அங்கே இறக்கி மாட்டினாய். நம் கரையில் துடுப்பு வெட்டினால் அதைப் பிடிக்கப் போகிறவனை நிறுத்தித்தான் அளவெடுப்பார்கள். அது தெரிந்த நானே, என் குள்ளத்தைக் கேலி பண்ணுகிறாய் என்று முறைத்துக்கொண்டேன். அந்தப் பயணம் முழுக்க நீ குனிந்து குனிந்துதான் கம்பு மாட்டினாய்.

திரும்பி வந்த நான்காம் மாதம் போய்விட்டாய். நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். இனி சில மாதம்தான் என்று பயணத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டாராமே. உன் மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "ஒங்களுக்குத் தெரிஞ்சா கடலுக்கு விடமாட்டியன்னு சொன்னாவ அண்ணே."

விட்டிருக்கமாட்டேன்தான். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

காலையில் வெள்ளைக்காரருக்கு எழுதிவிட்டேன். இரட்டைப் பாய், ஆள் நான் மட்டும் என்று. காற்று மாறும்போதெல்லாம் அந்த வளையத்துக்குக் கை தூக்க வேண்டியிருக்கும். எட்டும். அதுதான் மக்கா, தாங்க முடியவில்லை.